பழைய எக்ஸ்பி மடிக்கணினியில் புதிய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

குடந்தை அச்சகம் | ஜூலை 21, காலை 10.15

வணக்கம். கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழா, குடமுழுக்கு நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் உண்டு. ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த ஓய்வில் பழைய கோப்புகளையெல்லாம் பத்திரப்படுத்தலாம் என்று தொடங்கியதில் வந்த வினை இது.

மடிக்கணினி 2007-இல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, 1 ஜிபி ரேம், உள்ளே 80 ஜிபி டிஸ்க். பேட்டரி செத்து நான்கு வருடமாகிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளும் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் இதில்தான் இருக்கின்றன. "புதிய கணினி வாங்கக்கூடாதா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வாங்கியாகிவிட்டது, அதுவும் கடையில் இருக்கிறது. ஆனால் 2009-இல் அடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு அடித்தது போலவே தம்பிக்கும் வேண்டும், பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று வருகிறார்களே, அவர்களுக்குப் பழையதுதான் வேண்டியிருக்கிறது.

புதிதாக 2 டிபி கையடக்க ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அக்கா மகன் அதை முதலில் தன் புதிய கணினியில் போட்டு, "சுத்தமாக ஃபார்மட் செய்துவிட்டேன் மாமா" என்று சொல்லி, எங்கள் வீட்டுத் திருமணப் படங்கள் 300 ஜிபியையும் ஏற்றிக் கொடுத்தான். அவனிடம் நன்றாக ஓடுகிறது. என் மடிக்கணினியில் செருகினால் நீல விளக்கு எரிகிறது, உள்ளே சுழலத் தொடங்குகிறது, டிக்கென்று ஒரு சத்தம், நின்றுவிடுகிறது. மறுபடி சுழல்கிறது, மறுபடி டிக். கீழ் மூலையில் யுஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று செய்தி வருகிறது. அதே துளையில் பென் டிரைவ் போட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது. எங்கே கோளாறு?

ஆரூர் மாணவன் | ஜூலை 21, காலை 11.02

ஐயா, டிரைவர் பிரச்சினையாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் என்ற பிரிவில் உள்ள ஒவ்வொன்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். எக்ஸ்பி தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். ரூட் ஹப் மீது வலச்சொடுக்கு செய்தால் வரும் பெட்டியில் மின்சேமிப்புக்காக அதை அணைக்க அனுமதிக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள்.

குடந்தை அச்சகம் | ஜூலை 21, மதியம் 1.40

செய்தேன் தம்பி. மாற்றம் இல்லை. அதே பெட்டியில் பவர் என்ற பக்கத்தையும் பார்த்தேன். ஒரே ஒருமுறை டிஸ்க் அரைகுறையாகத் தெரிந்தபோது அதற்கு 500 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று காட்டியது. துளை தருவதும் 500. அப்படியானால் மின்சாரம் போதும் என்றுதானே பொருள்?

மன்னை சர்வீஸ் | ஜூலை 21, மாலை 6.30

போதாது. மன்னார்குடியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன், இந்த டிக் டிக் சத்தத்தை மாதம் நான்கு முறையாவது கேட்கிறேன்.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். பத்திரிகை 500 அடித்ததால் பந்தியில் 500 பேர்தான் உட்காருவார்கள் என்று எண்ணிச் சமைப்பீர்களா? டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அந்த 500. உள்ளே தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் பல டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 துளை உறுதியாகத் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். உங்கள் அக்கா மகனின் கணினியில் யுஎஸ்பி 3.0 துளை இருக்கும், அது 900 தரும். பென் டிரைவில் சுழல எதுவும் இல்லை, அதற்கு இதில் கொஞ்சம் கிடைத்தாலே போதும். அதனால் பென் டிரைவ் வேலை செய்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு கேள்வி. டிஸ்க்குடன் வந்த வயரை நேராகச் செருகுகிறீர்களா, நடுவில் வேறு வயர் இருக்கிறதா?

குடந்தை அச்சகம் | ஜூலை 21, மாலை 7.05

துளை பின்பக்கம் இருக்கிறது, கை எட்டாது. அதனால் ஒன்றரை மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டுத்தான் எட்டு வருடமாகப் பயன்படுத்துகிறோம்.

மன்னை சர்வீஸ் | ஜூலை 21, மாலை 7.11

அதை முதலில் கழற்றுங்கள். மெல்லிய செம்புக் கம்பியில் ஒன்றரை மீட்டர் போய்ச் சேர்வதற்குள் 5 வோல்ட் 5 வோல்ட்டாக இருக்காது. கடைமடைக்குத் தண்ணீர் போகிற கதைதான்.

நாகை உப்புக்காற்று | ஜூலை 21, இரவு 9.20

துளையையும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். நாங்கள் கடற்கரையில் இருப்பதால் எதையும் முதலில் துரு என்றுதான் சந்தேகப்படுவோம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஓடு பறந்து, மடிக்கணினி பை இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தது. கணினி பிழைத்துக்கொண்டது, ஆனால் இரண்டு யுஎஸ்பி துளைகளின் உள்ளே இருந்த தகடுகள் பச்சை பூத்துவிட்டன. மின்சாரம் போகும், தகவல் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்து, கணினியை அணைத்துவிட்டுத் துடைத்ததில் ஒன்று உயிர் பெற்றது. இன்னொன்று போனது போனதுதான்.

குடந்தை அச்சகம் | ஜூலை 22, காலை 11.30

துரு இல்லை. ஆனால் பின் துளையில் கட்டிங் மெஷினிலிருந்து பறக்கும் காகிதத் தூள் பஞ்சு போல அடைந்திருந்தது. பல் குத்தும் குச்சியால் எடுத்ததில் ஒரு பத்திரிகையே அடிக்கலாம் போல வந்தது. நீட்டிப்பு வயரையும் கழற்றி நேராகச் செருகினேன். இப்போது பத்து முறைக்கு மூன்று முறை டிஸ்க் தொடர்ந்து சுழல்கிறது. மற்ற நேரம் பழைய டிக்.

மன்னை சர்வீஸ் | ஜூலை 22, மதியம் 12.15

குச்சி வேண்டாம், ஊதுகுழல் போதும். உள்ளே நாக்குப் போல இருக்கும் பிளாஸ்டிக் முறிந்தால் போர்டைக் கழற்ற வேண்டிவரும்.

மூன்று முறை சுழல்கிறது என்றால் டிஸ்க்கில் குறை இல்லை, மின்சாரம் வாசல் வரை வந்து நிற்கிறது. இரண்டு வழி. ஒரு முனை டிஸ்க்குக்கும் இரண்டு முனைகள் இரண்டு துளைகளுக்குமாகப் பிரியும் ஒய் வயர் ஒன்று. ஒரு துளையைப் பல துளைகளாக்கும் யுஎஸ்பி ஹப், அதுவும் தனக்கென்று அடாப்டர் உள்ளது, இன்னொன்று. ஹப் சிறந்தது.

குடந்தை அச்சகம் | ஜூலை 23, மாலை 5.50

ஹப் வாங்கினேன், 250 ரூபாய். இப்போது பத்துக்கு ஒரு முறைகூடச் சுழலவில்லை.

மன்னை சர்வீஸ் | ஜூலை 23, மாலை 6.02

சுவரில் செருகும் அடாப்டர் அதோடு வந்ததா?

குடந்தை அச்சகம் | ஜூலை 23, மாலை 6.04

இல்லை.

மன்னை சர்வீஸ் | ஜூலை 23, மாலை 6.10

அது ஒரே 500-ஐ நான்கு துளைக்குப் பங்கு போடும் ஹப். தானும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரோடு வருவதைக் கேளுங்கள்.

மாயூரம் ஸ்டூடியோ | ஜூலை 23, இரவு 10.40

இடையில் ஒரு வார்த்தை. அந்த டிக் சத்தத்தோடு ஐம்பது முறை செருகி எடுத்துப் பார்க்காதீர்கள். மின்சாரக் குறைவால் வரும் டிக்கும், படிக்கும் முனை பழுதாகி வரும் டிக்கும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உங்களுக்கு இன்னொரு கணினியில் நன்றாக ஓடுகிறது என்பதால் பயமில்லை. எந்தக் கணினியில் போட்டாலும் டிக் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். டிஸ்க்கில் பிழை தேடும் செக் டிஸ்க்கை ஓட்டுவது அப்போது கடைசி மூச்சையும் பிடுங்கிவிடும்.

குடந்தை அச்சகம் | ஜூலை 25, பகல் 12.20

அடாப்டர் உள்ள ஹப் வந்தது. டிஸ்க் சுழல்கிறது, நிற்கவில்லை, டிக் இல்லை. மன்னை நண்பருக்கு ஒரு கவுளி வெற்றிலை கடன்.

ஆனால் மை கம்ப்யூட்டரில் டிஸ்க்குக்கான டிரைவ் எழுத்து (E, F போல) எதுவும் வரவில்லை. கீழே "சாதனம் பயன்படுத்தத் தயார்" என்ற செய்தி மட்டும் வருகிறது. தயார் என்றால் எங்கே?

ஆரூர் மாணவன் | ஜூலை 25, பகல் 12.45

எழுத்து மோதலாக இருக்கலாம் ஐயா. கார்டு ரீடரோ நெட்வொர்க் டிரைவோ அதே எழுத்தைப் பிடித்திருந்தால் எக்ஸ்பி குழம்பும். டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் வேறு எழுத்துக் கொடுங்கள்.

குடந்தை அச்சகம் | ஜூலை 25, மதியம் 1.30

போனேன். டிஸ்க் 1 என்று இருக்கிறது. அதன் பட்டையில் ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன் என்று எழுதியிருக்கிறது. வலச்சொடுக்கு செய்தால் எல்லாத் தெரிவுகளும் மங்கிக் கிடக்கின்றன. எழுத்துக் கொடுக்கவும் விடவில்லை, திறக்கவும் விடவில்லை.

ஆரூர் மாணவன் | ஜூலை 25, மதியம் 1.38

கண்டுபிடித்துவிட்டோம்! டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து கிளீன் கொடுங்கள். பிறகு புதிதாக எம்பிஆர் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தால் எக்ஸ்பியில் தெரியும்.

மாயூரம் ஸ்டூடியோ | ஜூலை 25, மதியம் 1.41

நிறுத்துங்கள்! அதில் 300 ஜிபி திருமணப் படங்கள் இருக்கின்றன என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். கிளீன் கொடுத்தால் அதன் வாசலே அழிந்துவிடும்.

குடந்தை அச்சகம் | ஜூலை 25, மதியம் 1.44

கட்டளைப் பெட்டி திறந்திருக்கிறது. என்டர் தட்டவில்லை. மூடிவிட்டேன். கை நடுங்குகிறது.

மாயூரம் ஸ்டூடியோ | ஜூலை 25, மதியம் 2.10

நல்லவேளை. எனக்கு இந்தச் சூடு பட்டிருக்கிறது. எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்பு, "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா?" என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மூன்று திருமணங்கள் போயின. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலான படங்களை மீட்டேன், அது உண்மை. ஆனால் அது கோப்பின் பெயரையும் போல்டரையும் மீட்டுத் தருவதில்லை. பதினோராயிரம் படங்கள், எல்லாம் எண்களாக. எந்தத் தாலி எந்தக் கழுத்துக்கு என்று முகம் பார்த்துப் பிரிக்க ஒரு மாதம் ஆனது. கணினி அந்தக் கேள்வியைக் கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரை இல்லை என்றே அழுத்துங்கள்.

ஆரூர் மாணவன் | ஜூலை 25, மதியம் 2.25

மன்னிக்கவும் ஐயா. முதல் பதிவை மறந்துவிட்டேன். இனிமேல் கிளீன் என்று எழுதுமுன் இரண்டு முறை படிக்கிறேன்.

ஐயாற்றுக்காரர் | ஜூலை 25, மாலை 5.15

திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இங்கே இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துச் சொல்கிறேன்.

வன்தட்டை ஒரு வயல் என்று கொள்ளுங்கள். முதலில் வரப்புப் போட வேண்டும், பிறகுதான் பயிர். எம்பிஆர் (பழையது), ஜிபிடி (புதியது) என்பவை வரப்புப் போடும், அதாவது தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும், இரண்டு முறைகள். என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்பவை பயிர், அதாவது அந்தப் பகுதிக்குள் கோப்புகளை அடுக்கும் முறைகள். 32 பிட் எக்ஸ்பிக்கு என்டிஎஃப்எஸ் நன்றாகத் தெரியும். எக்ஸ்ஃபேட்டைக்கூட ஒரு கூடுதல் புதுப்பிப்பு போட்டால் படிக்கும். ஆனால் ஜிபிடி வரப்பு அதற்குத் தெரியவே தெரியாது. வரப்பு எங்கே என்றே தெரியாதவனுக்கு உள்ளே குறுவையா சம்பாவா என்பது எப்படித் தெரியும்?

புரொடெக்டிவ் என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜிபிடியை வடிவமைத்தவர்கள், பழைய கணினி இதைக் காலி நிலம் என்று எண்ணி உழுதுவிடக்கூடாதே என்று தட்டின் தொடக்கத்தில் ஒரு முள்வேலி வைத்தார்கள். பழைய முறையில் பார்க்கிறவனுக்கு "முழுவதும் ஆள் இருக்கிறது" என்று அந்த வேலி சொல்லும். உங்கள் படங்களை இன்று காப்பாற்றியதில் அந்த வேலிக்கும் பங்கு உண்டு.

ஜிபிடி ஏன் வந்தது? எம்பிஆர் முறையில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 32 பிட் எண்தான். அப்படி ஏறத்தாழ 429 கோடி துண்டுகளுக்கு மேல் எண்ண முடியாது. ஒரு துண்டு 512 பைட். பெருக்கினால் சுமார் 2.2 டிபி. அதற்கு மேற்பட்ட தட்டுகளுக்குப் புது முறை வேண்டியிருந்தது. உங்களுடையது 2 டிபி, எல்லைக்குள் அடங்கும், எம்பிஆரே போதுமானது. உங்கள் அக்கா மகன் புதிய விண்டோஸில் புதிதாகப் பிரித்தபோது அது தன் வழக்கப்படி ஜிபிடி போட்டிருக்கும். அவனைத் திட்டாதீர்கள்.

மன்னை சர்வீஸ் | ஜூலை 25, மாலை 6.40

ஆசிரியர் சொன்னது சரி. என் வழி: படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், இதை எம்பிஆராக மாற்றுங்கள், என்டிஎஃப்எஸ் ஃபார்மட், முடிந்தது. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது.

குடந்தை அச்சகம் | ஜூலை 25, இரவு 8.00

300 ஜிபியை மாற்ற இன்னொரு டிஸ்க் வேண்டும். ஆடி மாதத்தில் இரண்டு டிஸ்க் வாங்கும் அச்சகம் கும்பகோணத்தில் இல்லை.

ஐயாற்றுக்காரர் | ஜூலை 25, இரவு 8.35

எதையும் அழிக்காமல் ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்பியைத் தொடாமல், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து துவக்குங்கள். லினக்ஸுக்கு ஜிபிடியும் தெரியும், என்டிஎஃப்எஸும் தெரியும். உள்ளே இருக்கும் எக்ஸ்பி தட்டையும் வெளியே இருக்கும் புதிய தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். நகல் எடுத்துவிட்டு அணைத்துவிடலாம். மறுநாள் எக்ஸ்பி வழக்கம்போல எழும்.

என் பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் கல்லூரி முடித்துப் போனபின் அது எனக்கு வந்தது. விண்டோஸில் வாய் திறக்காத பல தட்டுகளை அதில்தான் பேசவைத்திருக்கிறேன்.

உங்களுடையது 1 ஜிபி ரேம், 2007 மாதிரி. பெரிய லினக்ஸ் எல்லாம் மூச்சு வாங்கும். ஆன்டிஎக்ஸ் என்று ஒன்று, பழைய கணினிகளுக்கென்றே. 32 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அக்கா மகனின் கணினியில் ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவில் எழுதச் சொல்லுங்கள். பென் டிரைவ் காலியாக இருக்கவேண்டும், அதில் உள்ளது அழியும்.

மன்னை சர்வீஸ் | ஜூலை 25, இரவு 9.05

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. லினக்ஸ் துவங்கும்போது இன்ஸ்டால் என்ற ஐகான் திரையில் சிரித்துக்கொண்டு நிற்கும். பழகாதவர் அதை அழுத்தி எக்ஸ்பியை இழந்து என் கடைக்கு வந்த கதைகள் உண்டு.

ஐயாற்றுக்காரர் | ஜூலை 25, இரவு 9.20

ஒப்புக்கொள்கிறேன். அந்த ஐகானை மட்டும் தொடக்கூடாது, அச்சகத்தாரே. மையோடு பழகிய கை, எதைத் தொடக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

குடந்தை அச்சகம் | ஜூலை 29, பிற்பகல் 3.30

பென் டிரைவ் தயார். துவங்கியது, இரண்டு டிஸ்க்கும் தெரிகின்றன. பல நாளுக்குப் பிறகு படங்களைப் பார்த்தேன். ஆனால் புதிய டிஸ்க்கில் எழுத விடவில்லை. படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது.

ஐயாற்றுக்காரர் | ஜூலை 29, மாலை 4.10

அக்கா மகன் தட்டைப் பிடுங்கும்போது, பாதுகாப்பாக நீக்கு என்பதை அழுத்தினானா? இல்லையென்றால் என்டிஎஃப்எஸ் அரைகுறையாக மூடப்பட்டிருக்கும். அந்த நிலையில் எழுதுவது ஆபத்து என்று லினக்ஸ் மறுக்கும். வற்புறுத்தி எழுதவைக்கும் கட்டளைகள் உண்டு, அவை வேண்டாம். அவன் கணினியில் ஒரு முறை செருகி, ஒழுங்காக நீக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

குடந்தை அச்சகம் | ஜூலை 29, மாலை 4.25

கேட்டேன். "அதெல்லாம் யார் மாமா அழுத்துகிறார்கள்?" என்றான்.

நாகை உப்புக்காற்று | ஜூலை 30, காலை 7.15

நகல் ஓடும்போது மின்சாரம் போகாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்தது என்றீர்கள். உங்கள் பகுதித் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எந்த நாள் என்று செய்தித்தாளில் போடுவார்களே.

ஐயாற்றுக்காரர் | ஜூலை 30, காலை 8.00

இன்னொன்று, முக்கியம், நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரையும் முழுதாக எடுங்கள். உங்கள் பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பேஜ்மேக்கர் கோப்பு எழுத்துருவைத் தன்னோடு சுமந்து செல்வதில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகள் குப்பை போலக் கொட்டிக்கிடக்கும். விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடந்தை அச்சகம் | ஆகஸ்ட் 1, இரவு 9.50

முடிந்தது. பராமரிப்பு நாள் கழித்து, இன்வெர்ட்டரில் இணைத்து, நேற்று மாலை ஓடவிட்டேன். 46 ஜிபி, ஒரு மணி நாற்பது நிமிடம். அக்கா மகன் வேகத்தைப் பார்த்து நொந்துபோனான். யுஎஸ்பி 2.0 என்றால் இவ்வளவுதான் என்று மன்னை நண்பர் தொலைபேசியில் சொன்னார்: காகிதத்தில் 480 மெகாபிட், கையில் வருவது விநாடிக்கு 30 மெகாபைட் வந்தால் நல்ல நாள், சிறு கோப்புகள் நிறைய இருந்தால் அதுவும் இல்லை.

எண்ணிக்கையும் அளவும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றன. ஃபான்ட்ஸ் போல்டரில் 412 கோப்புகள். அவற்றை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்காக, 2009 பத்திரிகை ஒன்றின் வரியை எழுத்துரு இல்லாத புதிய கணினியில் ஒட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் ஒரு மேற்கோள்குறியும் நான்கு ஆங்கில எழுத்துகளும். ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மாயூரம் ஸ்டூடியோ | ஆகஸ்ட் 2, காலை 9.00

ஒரே டிஸ்க்கில் இருக்கிறதே, இரண்டாவது நகல்?

குடந்தை அச்சகம் | ஆகஸ்ட் 2, காலை 9.30

ஆவணி முகூர்த்தம் வரட்டும், முதல் பத்திரிகைக் கூலியில் வாங்குகிறேன். அதுவரை பழைய மடிக்கணினியே இரண்டாவது நகல். அதை இணையத்தில் இணைப்பதில்லை, எக்ஸ்பிக்குப் புதுப்பிப்பு 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது என்று அறிவேன்.

மன்னை சர்வீஸ் | ஆகஸ்ட் 4, மாலை 6.15

பெருக்கு முடிந்து இப்போதுதான் கடை திறந்தேன். ஹப்பின் அடாப்டரை ஹப்போடு சேர்த்துக் கட்டிவையுங்கள். தனியாகக் கிடந்தால் யாராவது எடுத்துப்போவார்கள்.

குடந்தை அச்சகம் | ஆகஸ்ட் 4, மாலை 6.40

எடுத்துப்போய்விட்டார்கள். வீட்டு வைஃபை ரௌட்டருக்கு அதே முனை பொருந்துகிறது என்று அக்கா மகன் கொண்டுபோனான். ரௌட்டர் எழவில்லையாம். பதிலுக்கு ரௌட்டர் அடாப்டரை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மன்னை சர்வீஸ் | ஆகஸ்ட் 4, மாலை 6.42

அதை ஹப்பில் செருகிவிடாதீர்கள்! ரௌட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். முனை ஒன்றுதான், ஆனால் 5 வோல்ட் ஹப்பில் 12 ஏறினால் ஹப்போடு டிஸ்க்கும் போகும். மேலே ஒட்டியிருப்பதைப் படியுங்கள்.

குடந்தை அச்சகம் | ஆகஸ்ட் 4, மாலை 6.55

12 வோல்ட்தான். செருகவில்லை. பையனைத் திருப்பி அனுப்பி என்னுடையதை வாங்கிவிட்டேன். இரண்டின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி 48 புள்ளி அளவில் அச்சடித்திருக்கிறேன்: "5 வோல்ட், ஹப்", "12 வோல்ட், ரௌட்டர்". அச்சகத்தில் வேறு எதற்குக் குறை இருந்தாலும் ஸ்டிக்கருக்குக் குறை இல்லை.